அரசு ரகசியத்தைக் கசியவிட்டவர் துரோகியா? முத்திரை குத்தியவனின் பதில்

கேள்வி இதுதான்: “அரசின் ரகசிய ஆவணங்களைப் பத்திரிகைக்குக் கொடுப்பவர்களைச் சிலர் ஏன் வீரர்களாகக் கொண்டாடுகிறார்கள்? ரகசியம் காப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பணியில் சேர்ந்தவர் அதை மீறினால் துரோகிதானே?”

கேள்வியின் இரண்டாம் பகுதிதான் என்னை எழுத வைத்தது. “எழுதிக் கொடுத்துவிட்டு” என்ற சொல்லைப் பார்த்ததும், நீங்கள் அண்மையில் அரசுப் பணியில் சேர்ந்தவராகவோ அதற்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவராகவோ இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன், தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் முப்பத்தோர் ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அதில் முதல் எட்டு ஆண்டுகள், எங்கள் பிரிவில் “ரகசியம்” என்ற ரப்பர் முத்திரை என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் என்னைத் தேச விரோதி என்று எழுத நாலு பேர் காத்திருப்பார்கள். படைகள் நிற்கும் இடத்தையோ உளவு சொன்னவரின் பெயரையோ அயல்நாட்டுக்கு விற்பவனுக்காக நான் ஒரு சொல்லும் பேச மாட்டேன். 1923ஆம் ஆண்டின் அதிகாரப்பூர்வ ரகசியச் சட்டத்தில் அத்தகைய உளவுக் குற்றத்துக்கு 3ஆம் பிரிவு இருக்கிறது; அதன்படி பதினான்கு ஆண்டுகள் வரை சிறையில் தள்ளலாம், தள்ளட்டும். தகராறெல்லாம் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவில் இருக்கிறது. பணியின் வழியாகக் கைக்கு வந்த ரகசியத் தகவலை உரிமையில்லாதவரிடம் கொடுத்தாலும் குற்றம், தெரிந்தே வாங்கிக்கொண்டாலும் குற்றம், மூன்றாண்டு வரை சிறை. ஆனால் “ரகசியம்” என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. மிக ரகசியம், ரகசியம் என்றெல்லாம் தரம் பிரிப்பது துறைகளின் உள்விதிகள்தான். எது ரகசியம் என்பதை நடைமுறையில் முடிவு செய்வது கோப்பைக் கையாளும் அதிகாரி; அவர் வாய்மொழியாகச் சொன்னதைத் தாளில் இறக்குவது என்னைப் போன்ற ஓர் இளநிலை உதவியாளர்.

1990களின் பிற்பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். சில கட்டடங்களின் உறுதித்தன்மையைப் பற்றிய ஆய்வறிக்கை ஒன்று, பதினான்கு பக்கம், மூன்று படிகள், சாதாரணத் தபாலில் எங்கள் பிரிவுக்கு வந்தது. எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிக் கோப்பில் வைத்தேன். இரண்டு கட்டடங்களில் ஆட்கள் இருக்கக்கூடாது, உடனே காலி செய்ய வேண்டும் என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தது. நாங்கள் எல்லோரும் அதைப் படித்தோம். மூன்று வாரம் கோப்பு அலமாரியில் கிடந்தது. காலி செய்தால் எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்விக்கு யாரும் பதில் எழுதத் தயாராக இல்லை. நான்காம் வாரம், அந்தக் கட்டடங்களில் ஒன்றில் வேலை பார்த்த ஒருவர் அறிக்கையின் நகலைத் தரும்படி கடிதம் எழுதினார். மறுநாள் காலை அதிகாரி கோப்பை வரவழைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாப் பக்கத்துலயும் ரகசியம்னு போட்டுருங்க” என்றார். அவ்வளவுதான். அந்தக் கடிதம் வரும் வரை ரகசியமாக இல்லாத ஒரு தாள், கேட்க ஒரு ஆள் வந்ததும் ரகசியமாகிவிட்டது.

நான்தான் குத்தினேன். மை காய்ந்துபோன அட்டையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூன்று படிகளிலும் பக்கத்துக்கு ஒன்றாக நாற்பத்திரண்டு முறை. நடுவில் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பி வந்து கட்டையை எடுத்தபோது திசையைக் கவனிக்காமல், எங்கள் பிரிவுப் படியின் ஒன்பதாம் பக்கத்தில் தலைகீழாகக் குத்திவிட்டேன். இதை அப்போது ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு நாளிதழில் அந்த ஒன்பதாம் பக்கம் படமாக வந்தது, வலது மூலையில் தலைகீழ் முத்திரையோடு. அன்று பிற்பகலே விசாரணை தொடங்கியது. நீங்கள் நினைப்பது போல அது கட்டடத்தைப் பற்றிய விசாரணை இல்லை. மூன்று படிகளில் எது வெளியே போனது என்பதை என் தலைகீழ் முத்திரை காட்டிக் கொடுத்துவிட்டதால், எங்கள் பிரிவின் ஐந்து பேரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். அலமாரிச் சாவி யாரிடம் இருந்தது, யார் தாமதமாகப் போனார்கள், நகலெடுக்கும் இயந்திரத்தின் பதிவேட்டில் யார் கையெழுத்து. அறிக்கை சொல்வது சரியா, அதன் மேல் மூன்று வாரம் ஏன் நடவடிக்கை இல்லை, வந்த நாளில் ரகசியமாக இல்லாதது பிறகு எப்படி ரகசியமானது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அந்த மூன்றையும் என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எனக்கு அப்போது திருமணமாகி ஓராண்டு, பயந்துவிட்டேன்.

நான் எழுதியது வேறு. எங்கள் பிரிவில் மூத்த உதவியாளர் ஒருவர் இருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குறிப்பு எழுதக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். அந்த வாரம் புதன்கிழமை மாலை நான் கிளம்பியபோது அவர் மட்டும் இருந்தார் என்று பெயரைச் சொல்லி எழுதிக் கையெழுத்திட்டேன். உண்மையைத்தானே எழுதினாய் என்று சிலர் என்னைத் தேற்றியிருக்கிறார்கள். உண்மைதான், ஆனால் கேட்டது தாமதமாக இருந்தவர்கள் யார் என்று. வேறு நாட்களில் நானும் இருந்திருக்கிறேன், கண்காணிப்பாளரும் இருந்திருக்கிறார். அதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு மாலையை மட்டும் எழுதினேன். ஒன்றும் நிரூபணமாகாததால் அவர் மீது குற்றச்சாட்டு வரவில்லை. “நிர்வாகக் காரணங்களுக்காக” என்ற வழக்கமான வரியோடு இடமாறுதல் ஆணை வந்தது, வீட்டிலிருந்து போய்வர முடியாத தொலைவுக்கு. எனக்குக் கோப்பைப் பாதுகாக்கத் தவறியதற்காக, சிறு தண்டனைகளுக்கான 17(அ) விதியின் கீழ் குறிப்பாணை, ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். அந்தத் தண்டனைக் காலத்தில் பதவி உயர்வுப் பட்டியல் வந்ததால் என் பெயர் விடுபட்டு, எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இருவர் எனக்கு மேலே போனார்கள். ஓய்வூதியத்தைக் கணக்கிட்டபோதும் அது என்னை விடவில்லை. இது கேள்விக்குச் சம்பந்தமில்லாத புலம்பல் என்று தெரியும், இருந்தாலும் எங்காவது ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த இரு கட்டடங்களையும் செய்தி வந்த பன்னிரண்டாம் நாள் காலி செய்தார்கள். அதற்கான ஆணையில் நாளிதழைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இந்தக் கண்ணோடுதான் பெரிய வழக்குகளையும் நான் படிக்கிறேன். அமெரிக்காவில் வியட்நாம் போரைப் பற்றி அரசே ரகசியமாக எழுதி வைத்த ஏழாயிரம் பக்க ஆய்வை டேனியல் எல்ஸ்பெர்க் 1969இல் இரவு இரவாக நகலெடுத்தார். பதின்மூன்று வயது மகன் இயந்திரத்தில் உதவ, பத்து வயது மகள் கத்தரிக்கோலால் “மிக ரகசியம்” என்று அச்சிட்டிருந்த ஓரங்களை வெட்டிப் போட்டாள். நான் குத்தியதை ஒரு குழந்தை வெட்டிப் போடுவதாக எத்தனையோ முறை கற்பனை செய்திருக்கிறேன். 1971 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் வெளியிடத் தொடங்கியதும் நாட்டின் பாதுகாப்பு போய்விடும் என்று அரசு நீதிமன்றத்துக்கு ஓடியது. உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தடையை மறுத்தது. அந்த வழக்கில் அரசுக்காக வாதாடிய எர்வின் கிரிஸ்வோல்டே 1989இல், வெளியீட்டால் பாதுகாப்புக்கு ஆபத்து வந்ததற்கான தடயம் எதையும் தாம் பார்க்கவில்லை என்றும், ரகசிய முத்திரை அளவுக்கு மீறிப் பயன்படுகிறது, அதிகாரிகளின் முதல் கவலை தங்களுக்கு வரும் சங்கடம்தான் என்றும் எழுதினார். வாதாடும்போது சொன்னதற்கு நேர் எதிரானதை ஒப்புக்கொள்ள அவருக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. எனக்கு அதைவிட அதிகம் பிடித்திருக்கிறது, ஆகவே அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அங்கே அப்படி, இங்கே நம் நாட்டில் எல்லாம் பொறுப்பாக நடக்கிறது என்று சொல்பவர்களுக்கு இஃப்திகார் கிலானியின் வழக்கை நினைவூட்டுகிறேன். 2002 ஜூனில் டெல்லியில் அந்தப் பத்திரிகையாளரை இந்த 1923 சட்டத்தின் கீழ் கைது செய்தார்கள். அவர் கணினியில் காஷ்மீரில் உள்ள படைகளைப் பற்றிய ரகசியம் இருந்தது என்பது புகார். அது பாகிஸ்தானில் ஏற்கெனவே அச்சாகி, இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய கட்டுரை. ராணுவ உளவுப் பிரிவே அதில் ஒன்றும் இல்லை என்று கருத்துச் சொன்ன பின்பும் இழுத்தடித்து, ஏழு மாதம் திகாரில் வைத்திருந்து, 2003 ஜனவரியில் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். ஏழு மாதத்துக்கு யார் பதில் சொன்னார்கள்?

ஓரளவு மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 22ஆம் பிரிவில் 1923 சட்டத்தைவிடத் தனக்கே முதன்மை என்கிறது. 8(2) பிரிவு, தீங்கைவிடப் பொதுநலன் பெரிதென்றால் ரகசியத்தையும் தரலாம் என்கிறது. வெறுமனே “ரகசியம்” என்று எழுதியிருப்பதாலேயே ஒரு தாள் 1923 சட்டத்துக்குள் வந்துவிடாது என்று 2009இல் டெல்லி நீதிமன்றம் ஒன்று கூறி, அமைச்சரவைக் குறிப்பை வெளியிட்ட பத்திரிகையாளரை விடுவித்தது. ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில் 2019 மார்ச் 6 அன்று, பத்திரிகையில் வெளியான ஆவணங்கள் திருடப்பட்டவை என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்ன அரசுத் தலைமை வழக்கறிஞர், இரண்டு நாளில் தாம் சொன்னது நகல்களைத்தான் என்று விளக்கம் கொடுத்தார். ஏப்ரல் 10இல் மூன்று நீதிபதிகளும் அந்த ஆவணங்களைப் பார்க்கலாம் என்றே தீர்ப்பளித்தார்கள். மறு ஆய்வு மனுக்கள் பின்னர் நவம்பரில் தள்ளுபடியானது உண்மை; அதைச் சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். ஆனால் திருட்டு என்ற ஒரே சொல்லால் தாளில் உள்ளதைப் படிக்காமலே விட்டுவிட முடியாது என்பது அன்று நிலைபெற்றது. 1923 சட்டத்தையே நீக்கிவிடும்படி இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006இல் பரிந்துரைத்தும் அரசு ஏற்கவில்லை.

அப்படியானால் கசிவெல்லாம் நல்லதா என்று கேட்டால், இல்லை. எல்ஸ்பெர்க் சமரசப் பேச்சுவார்த்தைகளைப் பற்றிய நான்கு தொகுதிகளைப் பத்திரிகைக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். எதைக் கொடுக்கக்கூடாது என்று உட்கார்ந்து பிரித்தவர் அவர். 2011இல் விக்கிலீக்ஸ், அமெரிக்கத் தூதரகத் தந்திகளை ஆட்களின் பெயர்களைக்கூட மறைக்காமல் மொத்தமாகக் கொட்டியது. எத்தனையோ எளிய மனிதர்கள் நம்பிச் சொன்னது அதில் இருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து வீரம் என்றோ துரோகம் என்றோ எடை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீங்கள் உறுதிமொழியைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த உறுதிமொழி ஒரு பக்கம் மட்டுமே கட்டுகிறது என்பதுதான் என் ஆதங்கம். தவறாகக் கசியவிட்டவனுக்குச் சிறை உண்டு. தவறாக முத்திரை போடச் சொன்னவருக்கு ஒரு குறிப்பாணைகூட வந்ததாக என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. அரசு உண்மையிலேயே காக்க வேண்டிய ரகசியம் ஒன்று உண்டென்றால், முறைப்படி மேலிடத்துக்குப் புகார் எழுதியவரின் பெயர்தான் அது. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தம் அடையாளத்தை மறைத்து வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அதிகாலை கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். புகார் கொடுப்போரைக் காக்கும் சட்டத்துக்கு 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. பத்தாண்டுகள் ஓடியும் அது நடைமுறைக்கு வரவில்லை. பத்திரிகைக்குப் போகாமல் உள்ளேயே முறையிட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கட்டும்.

அக்காவை நான் மறுபடி பார்த்தது அவருடைய ஓய்வு நாளில், பதினாறு ஆண்டுகள் கழித்து. மாலை போட்டு முடிந்து கூட்டம் கலையும்போது அருகே போய் நின்றேன். நீங்கள்தானா என்று கேட்கும் எண்ணம் எனக்கு இருந்தது. மன்னிப்புக் கேட்கும் எண்ணமும் இருந்தது. இரண்டுக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. “அந்த ஒன்பதாம் பக்கத்தை மட்டும் நேராக் குத்தியிருந்தீங்கன்னா நம்ம ரெண்டு பேருக்குமே தொல்லை இருந்திருக்காது, தம்பி” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பரிசுப் பொட்டலங்களை ஆட்டோவில் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன்.

அவர் யார், எந்த அலுவலகம் என்று பின்னூட்டத்தில் யாரும் கேட்க வேண்டாம். அந்தப் பெயரை ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டேன்.