வாய்க்கால் தூர்வார பட்ஜெட்டில் அறிவித்தார்கள், அலுவலகத்தில் "நிதி வரவில்லை" என்கிறார்கள்

வணக்கம் ஐயா. மன்னார்குடிப் பக்கம் உங்கள் வாய்க்காலுக்கு அறிவிப்பு வந்தும் வேலை தொடங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அலுவலர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

பட்ஜெட்டில் இருப்பது மதிப்பீடு மட்டுமே. சட்டமன்றம் மானியக் கோரிக்கையையும் (ஒவ்வொரு துறையும் செலவுக்குக் கேட்கும் தொகை), அந்தப் பணத்தை எடுக்க அனுமதிக்கும் நிதி ஒதுக்கச் சட்டத்தையும் நிறைவேற்றிய பிறகுதான் பணத்தைத் தொடலாம். அதன் பிறகும் உங்கள் வேலைக்கு நிர்வாக ஒப்புதல் அரசாணை, தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர் எல்லாம் வேண்டும். மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதி ஆகிவிடும். நமக்கு இதில்தான் பெரிய சிக்கல்: நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது, மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நடுவில் இருக்கும் அந்தச் சில வாரங்களில் அரசாணை தாமதமானால் தண்ணீர் முந்திக்கொள்ளும். இது விவசாயிக்கு இழைக்கும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

நீர்வளத் துறையின் மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் மதிப்பீடு, திருத்த மதிப்பீடு (பின்னர் மாற்றிய தொகை), முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு மூன்றையும் ஒப்பிடுங்கள். எங்கே குறைந்தது என்று தெரியும். அடுத்த ஆண்டுகளுக்கான கணிப்பு, 2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டப்படி பட்ஜெட்டோடு வைக்கும் இடைக்கால நிதித் திட்டத்தில் இருக்கும். ஆனால் அது மொத்தத் தொகைதான், உங்கள் வாய்க்கால் பெயர் அதில் வராது.

அப்புறம், செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். அரசாணை எண், தேதி, விடுவித்த தொகை, இவற்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் பேசுங்கள்.