வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: வெறும் வயிற்றில் கட்டன் டீ

கேள்வி: எனக்கு வயது 46. உதகை அருகே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். சில மாதங்களாக மேல்வயிற்றில் எரிச்சலும் உப்புசமும், காலையில் குமட்டலும் இருக்கின்றன. விடிந்ததும் கட்டன் டீ மட்டும் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைப் போடுகிறேன். எரியும்போது பால் குடித்தால் சற்று அடங்குகிறது. நான் எதைச் சாப்பிடலாம்?
– ஒரு வாசகி, நீலகிரி

பதில்: சகோதரி, எதைச் சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள், எனக்கோ, சாப்பிடாமலேயே நீங்கள் போடும் அந்த மாத்திரைதான் பெரிய கவலையாக இருக்கிறது. டைக்ளோபினாக், ஐபுபுரோபென் போன்ற வலி நிவாரணிகள், இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் சளிப்படலம் சுரப்பதைக் குறைத்துவிடுகின்றன. அப்படி மெலிந்த சுவரின் மேல், வெறும் வயிற்றில் குடிக்கும் கடுந்தேநீர் அமிலச் சுரப்பையும் தூண்டிவிட்டால் எரிச்சல் வராமல் இருக்காது. ஆகவே மாத்திரையின் அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். மூட்டு வலிக்கு வயிற்றைப் புண்ணாக்காத வேறு வழியை அவர் சொல்வார்.

உணவைப் பொறுத்தவரை, வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் குழைந்த அரிசிக் கஞ்சியோ சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகு தேநீரை இளஞ்சாயமாகக் குடியுங்கள். குளிரில் மாவு புளிக்கத் தாமதமாகிறது என்று நாள்கணக்கில் வைத்திருந்து, மிகவும் புளித்துப்போன மாவில் இட்லி ஊற்ற வேண்டாம். உதகையின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் அரைவேக்காடாக நின்றுவிடும். குக்கரில் குழைய வேகவைத்தால் நோயுற்ற வயிற்றுக்கு இதமாக இருக்கும். பாசிப்பருப்பு, சுரைக்காய், உங்கள் ஊர் கேரட், தோல் நீக்கி மசித்த உருளைக்கிழங்கு ஆகியவை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். அவரை, மொச்சை, முட்டைக்கோஸ் ஆகியவை உப்புசத்தைக் கூட்டக்கூடியவை என்பதால் சில வாரங்களுக்குத் தள்ளிவையுங்கள். மிளகாய்க் காரமும் ஊறுகாயும் பொரித்த பலகாரமும் எரிச்சலை மிகுதியாக்கும். புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதை விட்டே ஆக வேண்டும்.

பால் முதலில் அமிலத்தை ஆற்றுவது உண்மைதான். ஆனால் அதிலுள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சற்று நேரத்தில் மேலும் அமிலத்தைச் சுரக்கச் செய்யும். பாலையே மருந்தாக நம்பாதீர்கள்.

உணவுக் கட்டுப்பாடு மட்டும் எல்லோரையும் குணப்படுத்திவிடாது. இரைப்பை அழற்சிக்கும் குடற்புண்ணுக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி காரணமாவதைக் கண்டறிந்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி இருந்தால் எந்தக் கஞ்சியும் அதை அகற்றாது. மலப் பரிசோதனை, மூச்சுப் பரிசோதனை அல்லது எண்டோஸ்கோப்பி வழியே கண்டறிந்து, மருத்துவர் தரும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளை முழுமையாகச் சாப்பிட வேண்டும். மலம் தார்போல் கறுத்தாலோ (இரும்புச் சத்து மாத்திரையாலும் கறுக்கலாம் என்றாலும்), வாந்தியில் இரத்தம் தென்பட்டாலோ, காரணமின்றி உடல் இளைத்தாலோ நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. பட்டினி போடலாமா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். பொட்டலம் கிடைக்கும்வரை ஒரு லிட்டர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், வளர்ந்த பிள்ளைகளுக்குக் கஞ்சி, வாழைப்பழம், தயிர்சாதம் கொடுங்கள். குழந்தை சோர்ந்து படுத்தாலும், கண்கள் குழிவிழுந்தாலும், சிறுநீர் குறைந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். குடிநீரை, கொதி வந்ததும் இறக்கிவிடாமல், 3 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிடுங்கள். 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களுக்கு அந்தக் கூடுதல் நேரம் தேவை.