ஸ்கூபா ரெகுலேட்டர் சர்வீஸ் வேலை: மகனை அனுப்பலாமா?

மும்பை சயான் கோலிவாடாவிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் இரண்டாம் ஆண்டு. விடுமுறையில் மால்வன் போய் ஒரு டைவிங் சென்டரில் கூடமாட வேலை செய்தான். திரும்பியதிலிருந்து ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை டைவர் மூச்சு விடும் அளவுக்கு அழுத்தம் குறைத்துத் தரும் கருவி) சர்வீஸ்தான் என் தொழில் என்கிறான். உங்களுக்கு இரண்டு கவலை: கடலில் ஆபத்து, கையில் வருமானம்.

முதல் கவலையை விடுங்கள். இது மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலை. அவன் கடலில் இறங்க வேண்டும் என்றில்லை. ஆனால் அவன் மாட்டிய ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) நம்பி வேறொருவர் 30 மீட்டர் ஆழத்தில் மூச்சு விடுவார். அந்தப் பொறுப்பைத் தாங்கும் பொறுமை அவனிடம் இருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டாவது கவலை நியாயமானது. நம் நாட்டில் ஸ்கூபா சர்வீஸை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்துவது கடினம். அதனால் என் பதில்: அனுப்புங்கள், ஆனால் ஃபிட்டர் படிப்பை முடித்து, அதன்மேல் சேர்க்கும் கூடுதல் திறமையாக.

வேலை என்னவென்று தெரிந்தால் மகனோடு பேச உங்களுக்கும் வசதியாக இருக்கும். சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. சிலிண்டர் வாயில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அந்த அழுத்தத்தை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9, 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கும். இதை இடை அழுத்தம் என்பார்கள். வாயில் கவ்வும் செகண்ட் ஸ்டேஜ், மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து காற்று தரும். பல நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு பரிசோதனையும், இரண்டு ஆண்டு அல்லது 100 டைவுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்து சர்வீஸும் சொல்கின்றன. மாடலுக்கு மாடல் இது மாறும்.

நல்ல டெக்னீஷியன் பிரிப்பதற்கு முன்பே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவார். காற்று நுழையும் இடத்தில் சின்ன உலோக ஃபில்டர் ஒன்று உண்டு. அது பச்சை பூத்திருந்தால் உள்ளே உப்புத் தண்ணீர் போயிருக்கிறது. மூடியைப் போடாமல் கழுவியிருப்பார்கள், அல்லது கழுவும்போது செகண்ட் ஸ்டேஜில் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பொத்தானை அழுத்தியிருப்பார்கள். செம்பழுப்பாக இருந்தால் இரும்பு சிலிண்டரின் துரு. கரும்பொடி தெரிந்தால் சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரின் கார்பன் ஃபில்டரைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் ரெகுலேட்டரை மட்டும் சரிசெய்து அனுப்பினால் அடுத்த மாதம் அதே பழுதோடு திரும்பி வரும். சென்டருக்கு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்தது இடை அழுத்தச் சோதனை. குறை அழுத்தக் குழாயில் கேஜை (அழுத்தமானியை) மாட்டி, சிலிண்டரை மெதுவாகத் திறந்து, பர்ஜ் பொத்தானைப் பலமுறை அழுத்தி விட வேண்டும். முள் சட்டென்று ஒரு இடத்தில் நின்று அசையாமல் இருந்தால் சரி. நின்றது போல் காட்டிவிட்டு மெல்ல மேலே ஏறிக்கொண்டே போனால் உயர் அழுத்த சீட் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வால்வில் காற்றை அடைக்கும் பாகம்) தேய்ந்திருக்கிறது, அல்லது அது உட்காரும் கூர்விளிம்பில் கீறல் இருக்கிறது. ஏறும் அழுத்தம் கடைசியில் செகண்ட் ஸ்டேஜைத் தள்ளித் திறந்து, காற்று தானாகக் கொட்டத் தொடங்கும். புதிய சீட் போட்ட பிறகும் முள் ஏறினால் பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் விளிம்பைப் பார்க்காமல் இன்னொரு சீட்டை வீணாக்கக் கூடாது. சோதனையை நிறைந்த சிலிண்டரிலும், 50 பார் அளவுக்கு இறங்கிய சிலிண்டரிலும் செய்ய வேண்டும். ஒரு இரவு வைத்து மறுநாள் மீண்டும் பார்ப்பவர்களை நான் அதிகம் நம்புவேன்.

கழுவும் கட்டத்தில் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். ரப்பர் பாகங்களை எல்லாம் எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரும் வெந்நீரும் சம அளவு கலந்த கரைசலில் பித்தளைப் பாகங்களை அல்ட்ராசானிக் (ஒலி அதிர்வால் அழுக்கெடுக்கும்) தொட்டியில் சில நிமிடங்கள் வைப்பது வழக்கம். அதிக நேரம் விட்டால், ஏற்கெனவே உரியத் தொடங்கிய குரோம் பூச்சு கழன்று வரும். வண்ணப் பூச்சுள்ள அலுமினியப் பாகங்களை இதில் போடவே கூடாது. ஓ-ரிங்கை எடுக்க எஃகு ஊசி வேண்டாம், பித்தளை அல்லது பிளாஸ்டிக் குத்தூசிதான். பள்ளத்தில் விழும் ஒரு கீறல் போதும், எத்தனை புது ஓ-ரிங் போட்டாலும் கசியும்.

செகண்ட் ஸ்டேஜில் மூச்சு திறக்கும் அழுத்தத்தை அளக்க விலை உயர்ந்த கருவி முதலில் தேவையில்லை. வளைத்த கண்ணாடிக்குழாயில் தண்ணீர் ஊற்றி, 2.5 முதல் 4 செ.மீ. வரை நீர்மட்ட வித்தியாசத்தில் வால்வு திறக்கிறதா என்று பார்க்கலாம். அதைவிட இறுக்கமாக இருந்தால் மூச்சு கனக்கும். ரொம்ப இளக்கினால் தண்ணீரில் குதித்தவுடன் காற்று கொட்டும். வெளிமூச்சு வால்வில் ஒரு மணல் துகள் ஒட்டினால் ஒவ்வொரு மூச்சிலும் தண்ணீர் வாய்க்கு வரும். பலர் சீட்டைக் குறை சொல்லும் புகார்களுக்கு இந்தத் துகளே காரணமாக இருக்கும்.

இனி பாகங்கள். மும்பையில் இருப்பவனுக்கு இங்கேதான் சோதனை, ஏனென்றால் நாக்தேவி தெருவில் எல்லா அளவிலும் ஓ-ரிங் கிடைக்கிறது. வாங்கலாமா? சிலவற்றை வாங்கலாம். குறை அழுத்தக் குழாயின் ஓ-ரிங், ஏ.எஸ்.568 என்ற அமெரிக்க அளவு வரிசையில் 011, உள்விட்டம் 7.65 மி.மீ., தடிமன் 1.78. உயர் அழுத்தக் குழாய்க்குப் பெரும்பாலும் 012. கிளாம்ப் வகை சிலிண்டர் வாய்க்கு 014, உள்விட்டம் 12.42 மி.மீ., தடிமன் அதே 1.78. பிரஷர் கேஜ் திரும்பும் இடத்தில் 003 அளவில் இரண்டு. கடைக்காரர் "இதே சைஸ்தான்" என்று 12 × 2 மெட்ரிக் ரிங்கைத் தருவார். 2 மி.மீ. தடிமன் 1.78-க்கான பள்ளத்தில் நசுங்கி வெட்டுப்படும். வெர்னியர் காலிப்பர் இல்லாமல் அந்தத் தெருவுக்குப் போகக் கூடாது. கடினத்தன்மையையும் கேட்க வேண்டும்: உயர் அழுத்தம் படும் இடத்தில் 90 ஷோர், மற்ற இடங்களில் பொதுவாக 70. மெத்தென்ற ரிங் 200 பாரில் இடுக்கு வழியே பிதுங்கிவிடும். உறையில் தயாரித்த காலாண்டு அச்சிடாத உதிரிச் சரக்கு வேண்டாம்.

சீட், டயஃப்ரம் (அழுத்தத்துக்கு ஏற்ப வளையும் சவ்வு), பிஸ்டன், செகண்ட் ஸ்டேஜ் பாப்பெட் (வால்வைத் திறந்து மூடும் பாகம்) ஆகியவற்றின் விஷயத்தில் பேச்சே இல்லை. மாடலுக்குரிய நிறுவன சர்வீஸ் கிட் மட்டுமே. அது பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளருக்குத்தான் கிடைக்கும். அதனால்தான் பாதை விற்பனையாளர் வழியே போகிறது. கிட் வருவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், சென்டரில் எந்த மாடல் எத்தனை இருக்கிறது என்று எண்ணி, சீசனுக்கு முன்பே ஆர்டர் போடத் தெரிந்த பையனுக்கு மதிப்பு அதிகம். கிட் வருவது நின்றுபோன பழைய மாடலை வாடகைக்கு வைக்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லும் துணிச்சலும் வேண்டும்.

கிரீஸும் உயிர் விஷயம். சாதாரண காற்றுக்கு சிலிகான் கிரீஸ் போதும், ஆனால் சிலிகானால் செய்த டயஃப்ரத்தில் அதைப் பூசினால் உப்பிவிடும். ஆக்சிஜன் அதிகம் கலந்த வாயுவுக்கு, 40 சதவீதத்துக்கு மேல் என்றால் சந்தேகமே இல்லாமல், தனியாகச் சுத்தம் செய்து ஆக்சிஜனுக்கு ஏற்ற கிரீஸ் போட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தீப்பிடிக்கும்.

பாதைக்கு வருகிறேன். ஃபிட்டர் சான்றிதழ் கைக்கு வந்ததும் மும்பை நேவல் டாக்யார்டு, மசகான் டாக் போன்ற இடங்களின் அப்ரண்டிஸ் அறிவிப்புகளுக்கு விண்ணப்பிக்கட்டும். அங்கே உயர் அழுத்தக் காற்று, ஹைட்ராலிக், கேஜ் அளவீடு என்று கை பழகும். தீயணைப்பு வீரர்கள் முதுகில் சுமக்கும் காற்றுக் கருவி, மருத்துவமனை ஆக்சிஜன் ரெகுலேட்டர் எல்லாம் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஸ்கூபா இல்லாத மாதங்களில் சோறு போடுவது அவைதான். மும்பை ஹை போன்ற கடல் எண்ணெய் வயல்களில் டைவ் டெக்னீஷியன் வேலையும் உண்டு. அங்கே மேலிருந்து குழாயில் காற்று தரும் ஹெல்மெட்டுகளைப் பராமரிக்கத் தனிப் பயிற்சி தேவை, ஐ.எம்.சி.ஏ. (கடல் ஒப்பந்ததாரர்களின் சர்வதேச அமைப்பு) விதிப்படி பதிவேடும் கடுமையாக இருக்கும்.

ஸ்கூபா பக்கம் ஒரு எச்சரிக்கை. டைவிங் அமைப்புகள் நடத்தும் 'எக்விப்மென்ட் ஸ்பெஷலிஸ்ட்' போன்ற குறுகிய வகுப்பு கருவியைப் புரிந்துகொள்ள உதவும். அதை வைத்து அடுத்தவர் ரெகுலேட்டரைப் பிரிக்கும் தகுதி வராது. அது நிறுவனம் தன் விற்பனையாளரின் ஆட்களுக்குத் தரும் டெக்னீஷியன் பயிற்சியில்தான் வரும். சிலிண்டரின் நீரழுத்தச் சோதனை வேறு வேலை. பெசோ (வெடிபொருள், அழுத்த வாயு சிலிண்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகரித்த நிலையங்கள் மட்டுமே செய்யலாம், பையன் அதில் கை வைக்க வேண்டாம்.

மால்வன், தார்கர்லி பக்கம் மழைக்காலத்தில் டைவிங் நிற்கும். கருவிகள் பட்டறைக்கு வரும் காலம் அதுதான், அப்போது உதவியாளனாக அனுப்புங்கள். சேரும் முன் அவன் மூன்றைக் கேட்கட்டும்: எந்த நிறுவனத்தின் பயிற்சி பெற்றவர் மேற்பார்வை செய்கிறார்? சர்வீஸ் மேனுவல் மேசையில் இருக்கிறதா? ஒவ்வொரு ரெகுலேட்டரின் சீரியல் எண், மாற்றிய பாகம், முன்னும் பின்னும் எடுத்த இடை அழுத்த அளவு எழுதும் பதிவேடு உண்டா? பதிவேடு இல்லாத பட்டறை என்றால் எவ்வளவு சம்பளம் சொன்னாலும் அந்த இடம் வேண்டாம். முதல் சில மாதங்கள் அவனுக்குக் கழுவுதல், பிரித்தல், அளவு எழுதுதல் மட்டும்தான் தருவார்கள். குழாயை 4.5 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்காமல் டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனரில்) மாட்டப் பழகுவதும் அப்போதுதான். அதைச் சலிப்பென்று வீட்டில் வந்து சொன்னால், எனக்கு மறுபடி எழுதுங்கள். கேஜ் அளவீட்டு வேலைக்கு அவனைத் திருப்பிவிட அப்போதும் நேரம் இருக்கும்.