ஜிஇடி மொழித் தாள்: ஒரு தாய்க்குப் பதில்

மகன் அமெரிக்காவில் ஹைஸ்கூலைப் பாதியில் விட்டுவிட்டான், இப்போது ஹைஸ்கூல் படிப்புக்குச் சமமான ஜிஇடி தேர்வு எழுதப்போகிறான், அதில் மொழித் தாளை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. ஆங்கில இலக்கியத்தையே கரைத்துக் குடிக்க வேண்டுமோ என்ற பயம். அதெல்லாம் வேண்டாம்.

யாரோ கொடுத்த பழைய கைடை வைத்துப் படிக்கிறான் என்றால் முதலில் அதை ஓரங்கட்டுங்கள். 2014க்கு முன்பு வாசிப்புக்குத் தனித் தாள் இருந்தது. அதில் முக்கால் பங்கு இலக்கியம். 2014இல் வாசிப்பையும் எழுத்தையும் ஒரே தாளாக்கிக் கணினிக்கு மாற்றியபோது கணக்கு தலைகீழாகிவிட்டது. இப்போது முக்கால் பங்கு தகவல் கட்டுரைகள், அலுவலகக் கடிதங்கள் மாதிரியானவை. கதை கால் பங்குதான்.

அந்தக் கால் பங்கில் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் தெரியுமா? கதையில் ஒரு பெண், அண்ணன் கடிதத்தைப் பிரிக்காமலே மேசைக்குள் வைத்துப் பூட்டுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கேள்வி. 'அண்ணன்மேல் கோபம்' என்று பையன் சட்டென்று தேர்ந்தெடுப்பான். ஆனால், போர்முனையிலிருந்து தபால் வந்தாலே அவள் கை நடுங்கும் என்று நாலு வரிக்கு முன்பே சொல்லியிருப்பார்கள். ஆக, பயம். ஒவ்வொரு விடைக்கும் "எந்த வரியில இருக்கு, காட்டு" என்று கேளுங்கள். அதற்கு உங்களுக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்றுகூட இல்லை.

என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது இதே தாளில் வரும் 45 நிமிடக் கட்டுரைக்குத்தான். ஒரே விஷயத்தில் எதிரெதிராக வாதிடும் இரண்டு பகுதிகளைக் கொடுப்பார்கள். எவர் வாதத்துக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது என்று எழுத வேண்டும். இங்கே அவன் பட்டிமன்ற நடுவர். பேச்சாளராக மாறித் தன் கருத்தை முழங்கினால் மதிப்பெண் போய்விடும். நோட்டில் எழுதிப் பழகாமல், ஸ்பெல்செக்கை அணைத்துவிட்டு டைப் செய்தே பழகட்டும்.

தேர்ச்சிக்கு ஒவ்வொரு தாளிலும் 200க்கு 145 வேண்டும். ஜிஇடியின் நான்கு தாளையும் ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை. ஜிஇடி ரெடி என்று அவர்களே நடத்தும் மாதிரித் தேர்வு இருக்கிறது, பாதி நீளம்தான். அதில் தேறும் நிலைக்கு வந்த பிறகு தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதுவதாக இருந்தால், அதைத் தாண்டாமல் பதிவு செய்யவே முடியாது.