நான்பான் புகை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் ஹகுரோ மலையடிவாரத்தில் குடியேறி, 'யமபுஷி' எனப்படும் மலைத்தவசியாக வாழும் ஒரு வெளிநாட்டவரைப் பற்றிய காணொளியைப் பார்த்தேன். வெண்ணிற உடையில் சங்கு ஊதுகிறார், அருவியில் நிற்கிறார். இவர் அசல் யமபுஷி ஆக முடியுமா, அல்லது வேடம்தானா? அம்மா மறைந்த பிறகு எனக்கும் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்விடத் தோன்றுகிறது. எவ்வளவு செலவாகும்? மொழி தெரிந்திருக்க வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

செலவையும் மொழியையும் நீங்களே விசாரித்துக்கொள்ளலாம். என்னை உறுத்தியது 'அசல்' என்ற சொல்.

சில ஆண்டுகளுக்கு முன் அதே மலையில் மூன்று நாள் பயிற்சியில் இருந்தேன். பல் துலக்கக் கூடாது, முகம் கழுவக் கூடாது; வழிநடத்துபவர் எதைச் சொன்னாலும் 'உகேதமோ', அதாவது 'ஏற்கிறேன்', என்பது ஒன்றே பதில். இரண்டாம் நாள் இரவு, அடைத்த அறைக்குள் தணலில் மிளகாயைப் போட்டுப் புகையெழுப்பினார்கள். உயிரோடு இருக்கும்போதே நரகத்தைக் கடப்பதற்கான சடங்கு அது. எல்லோரும் மூச்சுமுட்டி இருமிக்கொண்டிருந்தபோது, எனக்குத் திருஷ்டி சுற்றி அடுப்பில் மிளகாயைப் போட்டுவிட்டு, நெடி வருகிறதா என்று காத்து நிற்கும் என் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. நான் அழுதேன். அந்தப் புகையில் யாருடைய கண்ணீருக்கும் காரணம் கேட்பாரில்லை.

சடங்கின் பெயர் 'நான்பான் இபுஷி'. நான்பான் என்றால் தெற்கத்திக் காட்டுமிராண்டி. 16ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்த போர்ச்சுகீசியரை ஜப்பானியர் அப்படித்தான் அழைத்தனர். வடகிழக்கு ஜப்பானில் மிளகாய்க்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நம் அடுப்படிக்கு மிளகாய் வந்ததும் அதே போர்ச்சுகீசியர் வழியாகத்தான். அந்நியனின் பெயரைச் சுமக்கும் காயை எரித்து நரகத்தைக் கடப்பவர்களிடம் போய், அந்நியனுக்கு இங்கே இடமுண்டா என்று கேட்கிறீர்கள்.

இன்னொன்று. 1872இல் ஜப்பானின் மெய்ஜி அரசு யமபுஷிகளின் இந்த மலைத்தவ மரபையே தடைசெய்தது. யமபுஷிகள் ஜப்பானின் பூர்வீக மதமான ஷிந்தோவின் பூசாரிகளாகவோ தெந்தாய், ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவுகளின் பிக்குகளாகவோ மாற வேண்டியிருந்தது. இல்லையேல் சாதாரணக் குடிகளாக வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே அது தன் பெயரில் மீண்டும் தலைநிமிர்ந்தது. பிறந்த மண்ணிலேயே அந்நியராக்கப்பட்டவர்களின் மரபு அது. அசலை அளக்கும் கோலை எங்கிருந்து எடுத்தீர்கள்?

காணொளிகளின் மீது எனக்குள்ள கோபமும் இதுவே: மலையேறுவதைக் காட்டுகிறார்கள், இறங்குவதைக் காட்டுவதில்லை. ஹகுரோ உச்சிக்குச் செல்லும் 2446 கற்படிகளின் கீழே தோகே என்ற ஊர் இருக்கிறது. அங்கே யமபுஷிகள் மனைவி மக்களோடு வாழ்கிறார்கள், யாத்திரிகர் விடுதி நடத்துகிறார்கள், வந்தவர்களுக்குச் சமைத்துப் போடுகிறார்கள். மலைக்குள் சென்று, இறந்து பிறந்து, வீடு திரும்புவதுதான் அவர்கள் வழி. திரும்பாதவனுக்கு அங்கே பெருமை இல்லை. அந்த வெளிநாட்டவரை எடைபோட்டே தீர வேண்டுமென்றால் அருவியை விடுங்கள். பிப்ரவரியில் பக்கத்து வீட்டுக் கிழவியின் கூரைமேல் ஏறிப் பனியை வெட்டித் தள்ளுகிறாரா என்று பாருங்கள்.

கடிந்து எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த அந்த வெண்ணிற உடை பிணத்துக்கு உடுத்தும் உடை. அருகிலுள்ள 1984 மீட்டர் உயரக் கஸ்ஸான் மலையில் இறந்தோர் உறைவதாக அவ்வூரார் நம்புகிறார்கள். வேலையை விடாதீர்கள், பனி கரைந்து மலை திறக்கும் ஜூலையில் விடுப்பெடுத்துப் போங்கள். அம்மாவிடம் சொல்லாமல் விட்டவற்றை அங்கே சொல்லுங்கள். இறங்கி வந்ததும் எனக்கு எழுதுங்கள்.