போனில் பேசும் வேலைதானே?

அன்புள்ள ஐயா,

கொரோனா காலச் சிறைகள் பற்றிய உங்கள் கட்டுரையில் கைதிகள் வந்தார்கள், வார்டர்கள் வந்தார்கள். பரோலில் வெளியே வந்தவர்களைக் கண்காணிப்பவர்கள் ஒரு வரியில்கூட இல்லை. என் அக்கா இங்கிலாந்தில் ப்ரொபேஷன் அதிகாரி. அந்த இரண்டு வருஷத்தில் ஆளே மாறிப்போனாள். "வீட்டில் உட்கார்ந்து போனில் பேசும் வேலைதானே" என்று நாங்கள் கேட்டோம். கேட்டிருக்கக் கூடாதோ?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

அந்தப் போன்தான் சிக்கலே. தண்டனையின் மிச்சத்தை வெளியே கழிப்பவர் எங்கே தங்கலாம், யாரை நெருங்கக் கூடாது என்று நிபந்தனைகள் உண்டு. மீறினால் திரும்பச் சிறைக்கு அனுப்பும் நடவடிக்கையைத் தொடங்குவது உங்கள் அக்கா மாதிரியானவர்கள். குடித்திருக்கிறாரா, வீட்டில் புது ஆள் யாராவது இருக்கிறாரா, மனைவியின் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்பதையெல்லாம் நேரில் போய்த்தான் பிடிக்க முடியும். 2020 மார்ச்சில் பெரும்பாலான சந்திப்புகள் போனுக்கு மாறின. அபாயமானவர்கள் என்று கருதப்பட்டவர்களிடம் மட்டும் வாசலுக்கு வெளியே தள்ளி நின்று பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழும்படி ஒருவரிடம் அவருடைய பாலியல் குற்றத்தைப் பற்றி என்ன பேசுவது? மனைவியை அடித்தவரிடம் போனில் விசாரிக்கும்போது அந்த மனைவி பக்கத்தில் நிற்கிறாரா என்று எப்படித் தெரியும்?

பொறுப்பு மட்டும் அப்படியே இருந்தது. கண்காணிப்பில் உள்ளவர் கொலை போன்ற குற்றம் செய்தால் அவரைக் கையாண்ட விதத்தைத் தனியாக ஆராயும் நடைமுறை அங்கே உண்டு. 2019 நவம்பரில் லண்டன் பாலத்தருகே இருவரைக் குத்திக் கொன்ற உஸ்மான் கான் நிபந்தனை விடுதலையில் இருந்தவர், ஜிபிஎஸ் பட்டையோடு. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் ஊரடங்கு.

இதோடு நிர்வாகக் குளறுபடி வேறு. 2014இல் துறையை இரண்டாக்கி ஒரு பகுதியைத் தனியாருக்கு விட்டார்கள். அது சரிப்படவில்லை. திரும்ப ஒன்றாக்க வாய்த்த நேரம் 2021 ஜூன், பெருந்தொற்றுக்கு நடுவில்!

எனக்கு இதிலெல்லாம் கொடுமையாகத் தெரிவது வேறொன்று. பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களை ஆபீசில் படித்தால், முடித்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரரோடு ஒரு டீ குடிக்கலாம். சமையலறை மேஜையில் படித்துவிட்டு உடனே பிள்ளைக்குச் சோறு போட வேண்டும். வீட்டில் யாரிடமும் சொல்லவும் முடியாது, வழக்கு ரகசியம்.

நீங்கள் கேட்டது தப்பு என்று நினைத்து வருந்த வேண்டாம். இனி போன் பண்ணும்போது வழக்குகளைப் பற்றிக் கேட்காதீர்கள், அப்புறம் "வேலையை விட்டுடு" என்று ஆரம்பிக்காதீர்கள். அக்காவுக்கு அது பிடித்த வேலையாகவும் இருக்கலாம்.