யூஎக்ஸ் ரிசர்ச்சர் வேலைக்கு ஒன்றரை லட்சம் கட்டலாமா?

காரைக்குடி வாசகி ஒருவரின் கேள்வி: எம்.ஏ. சமூகவியல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. கோடிங் தெரியாது, டிசைனும் தெரியாது. யூஎக்ஸ் ரிசர்ச்சர், அதாவது செயலியையும் இணையதளத்தையும் பயன்படுத்துகிறவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று ஆராயும் பயனர் அனுபவ ஆய்வாளர் ஆக என் படிப்பே போதும் என்கிறார்கள். ஒரு பயிற்சி நிறுவனத்தில் 1,50,000 ரூபாய் கட்டினால் ஆறு மாதக் கோர்ஸ், வேலை உறுதி, கூடவே இரண்டு வருட அனுபவச் சான்றிதழும் தருவார்களாம். இஎம்ஐ வசதி உண்டு. அப்பா பணம் புரட்டத் தயாராக இருக்கிறார். சேரலாமா? இந்த வேலைக்கு வெளியூர் போய்த்தான் ஆகவேண்டுமா?

பதில்: சேராதீர்கள். அப்பாவிடம் முதலில் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள், மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

அனுபவச் சான்றிதழ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. பார்க்காத வேலையைப் பார்த்ததாக ஒரு தாள். கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்கும்போது பின்னணியை விசாரிக்கத் தனி ஏஜென்சி வைத்திருக்கிறார்கள். அவர்கள் உங்கள் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணைக் கேட்பார்கள். அந்த 12 இலக்க எண்ணைத் தட்டினால் எந்த முதலாளி எந்த மாதம் உங்களுக்குப் பணம் கட்டினார் என்பது வரிசையாக வந்து நிற்கும். இரண்டு வருட அனுபவம், ஒரு மாத பிஎஃப்கூட இல்லை என்றால் என்ன நினைப்பார்கள்? நான் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு பையனைச் சேர்ந்த மூன்றாம் மாதம் வெளியே அனுப்பவேண்டி வந்தது. கெட்டிக்காரப் பையன். அந்தத் தாள் இல்லாமல் வந்திருந்தாலும் எடுத்திருப்போம். தாளை விற்றவர் அடுத்த பேட்ச்சுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது இஎம்ஐ. அது பயிற்சி நிறுவனம் தரும் சலுகை இல்லை. உங்கள் பெயரிலோ அப்பா பெயரிலோ ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன். முழுப் பணமும் முதலிலேயே பயிற்சிக்காரர் கைக்குப் போய்விடும். அவர் கடையை மூடிவிட்டாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிவாங்குவது உங்களுக்குத்தான். 'வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும்' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கும் தாளிலும் பல நேரம் இதே கடன்தான் ஒளிந்திருக்கிறது. சரிபார்க்க வேண்டும் என்று அசல் மார்க்‌ஷீட்டைக் கேட்டால் நகலைக் காட்டுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். வேலை உறுதி என்று பொய் விளம்பரம் செய்யக்கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024ல் பயிற்சி மையங்களுக்கு விதி போட்டது. விதி டெல்லியில் இருக்கிறது, போஸ்டர் நம் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது. ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். 'உங்கள் படிப்பே போதும்' என்பது பாதி உண்மை. பயனர் அனுபவம் என்ற பெயர் பதவியாக அடிபடத் தொடங்கியதே, 1993ல் டான் நார்மன் ஆப்பிளில் 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ் ஆர்க்கிடெக்ட்' என்ற பொறுப்பில் சேர்ந்த பிறகுதான். அவரே உளவியல் படித்தவர். மனிதர்களிடம் கேள்வி கேட்டு, அவர்கள் செய்வதைக் கவனித்து, எழுதி, அடுக்கிப் பார்ப்பதுதான் இந்த வேலை. எம்.ஏ.வில் நீங்கள் போன களப்பணி அதுதான். கோடிங் தேவையில்லை. ஆனால் அதைச் செய்து காட்டிய ஒரு வேலை உங்கள் கையில் இருக்கவேண்டும். சான்றிதழ் அதற்கு ஈடாகாது. போர்ட்ஃபோலியோ என்று பெரிய பெயர் சொல்வார்கள். நன்றாகச் செய்த இரண்டு ஆய்வுகள் போதும்.

என் ஐயா, அதாவது தாத்தா, பதினான்கு வயதில் பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, வட்டிக்கடை எடுபிடியாகப் போனவர். கணக்கு எழுதவிடும் முன், வருகிறவர் முகத்தைப் பார்க்கச் சொல்லித்தான் உட்காரவைத்தார்களாம். அதற்கு யாரும் கட்டணம் வாங்கவில்லை, சாப்பாடு போட்டார்கள்.

என்ன ஆய்வு செய்வது? உங்கள் ஊரிலேயே கிடக்கிறது. போனில் ஈபி பில் கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரைப் பிடித்து, சம்மதம் வாங்கி, பில் தொகை வரும் பக்கம்வரை போகச் சொல்லுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யட்டும். நீங்கள் உதவக்கூடாது. எங்கே நின்றார்கள், எதைத் தப்பாக அழுத்தினார்கள் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஐந்து பேர் போதுமா என்று கேட்பீர்கள். ஐந்து பேரிலேயே சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று 2000ல் இந்தத் துறையில் பேர்போன நிபுணர் ஜேக்கப் நீல்சன் கணக்குப் போட்டுக் காட்டினார்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, இன்டர்வியூவில் பலர் வழுக்குவது இங்கேதான். ஐந்து என்பது ஒரே மாதிரி ஆட்கள் ஐந்து பேர். கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் சென்னையில். சாவியும் மீட்டரும் காவலுக்கு இருக்கும் அண்ணனிடம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருகிறவரைப் பார்ப்பது அண்ணன், பணம் கட்டுவது வீட்டுக்காரர். இணைப்பு எண் ஒருவரிடம், எவ்வளவு ஓடியது என்பது இன்னொருவரிடம். இது போதாதென்று வீடு நாலு பங்காளிகளுக்குப் பொது, பில்லை நாலாகப் பிரிக்கவேண்டும். வீட்டுக்காரர்கள் மூன்று பேர், காவல்காரர்கள் இரண்டு பேர் என்று எடுத்துவிட்டு 'ஐந்து பேரைப் பார்த்தேன்' என்றால் கணக்கு தப்பு. இது இரண்டு வகை ஆட்கள். வகைக்கு ஐந்து பேராவது பார்ப்பதே எனக்குத் திருப்தி. 'பத்தில் ஏழு பேர், அதாவது 70 சதவீத மக்கள்' என்றும் எழுதாதீர்கள். இவ்வளவு சின்ன ஆய்வு எங்கே இடறுகிறது, ஏன் இடறுகிறது என்று சொல்லும். ஊரில் எத்தனை பேர் இடறுகிறார்கள் என்று சொல்லாது. இந்த வித்தியாசத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த புதியவரை நான் உடனே குறித்துக்கொள்வேன்.

எழுதும்போது நான்கைந்து பக்கம் போதும். என்ன கேள்வியோடு போனீர்கள், என்ன பார்த்தீர்கள், எதை மாற்றவேண்டும். கூடவே எதில் சொதப்பினீர்கள் என்பதையும் எழுதுங்கள். யார் பெயரும் போன் நம்பரும் வரக்கூடாது.

விளம்பரங்களைப் பார்த்து மனம் தளராதீர்கள். 'ஃப்ரெஷர் தேவை, இரண்டு வருட அனுபவம் அவசியம்' என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டேதான் இருப்பார்கள். மூன்று நாள் வேலையை 'அசைன்மென்ட்' என்று ஓசியில் வாங்கிக்கொண்டு பதிலே போடாதவர்களும் உண்டு. அரை நாளுக்கு மேல் போகும் அசைன்மென்ட்டுக்குச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். கேட்டதற்காகவே ஒதுக்கினால், அந்த இடத்தில் சேர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

நேரே ரிசர்ச்சர் பதவி முதல் வேலையாகக் கிடைப்பது கஷ்டம். சந்தை ஆய்வு நிறுவனங்களையும் ரிசர்ச் ஏஜென்சிகளையும் பிடியுங்கள். தமிழில் செயலி கொண்டுவருகிறவர்களுக்குத் தமிழில் பேட்டி எடுக்கவும், பேட்டிகளை எழுத்தில் ஏற்றவும், குறிப்பு எடுக்கவும் ஆள் வேண்டும். அங்கே உங்கள் தமிழுக்குக் கூலி உண்டு. 'தமிழ் மாடரேட்டர்' (தமிழில் பேட்டியை நடத்துகிறவர்) என்று ரெஸ்யூமேயின் முதல் வரியிலேயே போடுங்கள். வீடியோ காலில் நடக்கும் பேட்டிகளைக் காரைக்குடியில் இருந்தபடியே எடுக்கலாம். நிரந்தர வேலை பெரும்பாலும் சென்னை, பெங்களூரில்தான். இன்டர்வியூவுக்கு விடியற்காலை பல்லவன் ரயிலில் ஏறினால் மதியம்தான் சென்னை. பத்து மணிக்கு வரச்சொன்னால் முந்தின நாளே கிளம்பிவிடுங்கள்.